துண்டு போட்ட நாற்காலி

என் மருமகளுடைய ஆபீசில் ஒரு நாற்காலி உண்டு. அதில் மனுசர் யாரும் உட்கார மாட்டார்கள். ஒரு சிவப்புத் துண்டு மட்டும்தான் உட்காரும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாயால் சொல்ல, ஃபோன் எழுதிக்கொள்கிறது. எழுத்தை மருமகள் திருத்திக் கொடுக்கிறாள். "அத்தை, இது வேணாம், வெட்டிரட்டுமா?" என்று நடுவில் கேட்பாள். வெட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவள் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிற இடத்தில்தான் எப்போதும் வெட்டப் பார்க்கிறாள்.

ஆபீஸ் என்றால் பெரிய கண்ணாடிக் கட்டடம் இல்லை. அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடி. கீழே இரும்பைக் கடைகிற சத்தம், மேலே இவர்கள் ஏழு பேர் லேப்டாப்பைத் தட்டுகிற சத்தம். மருமகள் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போகிற நாளில் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாரத்தில் மூன்று நாள் மறப்பாள். எனக்கும் வெளியே போக ஒரு சாக்கு வேண்டுமே.

அவர்கள் வேலை என்னவென்றால், டயாலிசிஸ் மையங்களுக்கு கம்ப்யூட்டரில் எல்லாம் ஒழுங்கு செய்து கொடுப்பது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற இடம் அது. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரே டாக்டருக்கு ஐந்து மையம். எந்த ஆள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த நாற்காலி என்பதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அந்த இடத்துக்குத்தான் டேட்டாபேஸ் என்று பெயர்.

அந்த டேட்டாபேஸில் அடிக்கடி ஏதாவது மாற்றம் செய்வார்கள். புதிதாக ஒரு கட்டம் போடுவது, இருக்கிற கட்டத்தை இரண்டாகப் பிரிப்பது என்று. அதற்கு மைக்ரேஷன் என்று சொல்கிறார்கள். ஆள் குடியிருக்கும்போதே வீட்டுச் சுவரை இடித்துக் கட்டுகிற மாதிரி வேலை. கொத்தனார் ஒருவர் என்றால் சமாளிக்கலாம். ஒரே சுவரை இரண்டு கொத்தனார் ஒரே நேரத்தில் இடித்தால் கூரை என்ன ஆகும்? அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நம்பர் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் ஓட்ட வேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

அதற்குத்தான் அந்த நாற்காலி. மாற்றத்தை ஓட்டுகிறவர் நாற்காலியில் துண்டைப் போட வேண்டும். துண்டு கிடந்தால் மற்றவர் கை வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். இந்த யோசனை பேரையூர்க்காரர் ஒருவர் கொடுத்தது. மருமகளோடு வேலை செய்கிறார், முறுக்கு மீசை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தே வளர்ந்தவர். அந்தப் புத்தி எங்கே போகும்?

நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான். திருவாதவூரில் நாங்கள் கூலி வேலைக்குப் போன காலத்தில் பஸ்ஸில் இடம் பிடிப்பது ஒரு யுத்தம். ஒரு தடவை கையில் துண்டும் இல்லை, பையும் இல்லை. இடுப்பில் இருந்த என் மகனையே ஜன்னல் வழியாக உள்ளே விட்டு சீட்டில் உட்கார வைத்துவிட்டேன். நான் வாசல் வழியாக ஏறிப் போவதற்குள் ஒரு அம்மா அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதே சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "புள்ளைய நாந்தான் பாத்துக்கிட்டேன்ல" என்று எனக்கே நியாயம் பேசினாள். துண்டு போட்டால் மட்டும் இடம் நம்முடையது ஆகிவிடாது என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் ஆபீசில் என்னை யார் கேட்டார்கள்?

விசயத்துக்கு வருகிறேன். நாற்பத்தேழாவது மாற்றம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நாற்காலியைக் குறித்துக் கொடுக்கிற மாற்றம் அது. அன்றைக்கு என் முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்க மருமகள் லீவு போட்டு என்னோடு வந்திருந்தாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே ஃபோனில் சொன்னாள்: "நாப்பத்தேழு ரெடியா இருக்கு. யாராச்சும் ஓட்டிருங்க."

யாராவது என்றாள். அங்கேதான் பிடித்தது சனி.

பேரையூர்க்காரர் நாற்காலியில் துண்டைப் போட்டார். ஓட்ட ஆரம்பித்தார். அது முடிய நேரமாகும் என்று கீழே டீ குடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்துக் கூட்டிப் பெருக்குகிற அக்கா வந்தாள். துண்டில் ஒரே டீக்கறை. மகராசி, இதைத் துவைத்துப் போட்டால் நல்லா இருக்குமே என்று எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். அடுத்ததாக உள்ளே வந்தது டீச்சர் மகள். அவளும் மருமகளோடு வேலை செய்கிறவள்தான். அம்மா, பாட்டி எல்லாரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள், அதனால் நான் வைத்த பெயர் அது. ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. நாற்காலியைப் பார்த்தாள். துண்டு இல்லை. சரி, யாரும் ஓட்டவில்லை என்று அவள் ஓட்டிவிட்டாள்.

ஆக, ஒரே மாற்றம் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமிருந்து ஓடியது. மறுநாள் காலையில் மையத்தில் பார்த்தால் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு நாற்காலி, ஒவ்வொரு நாற்காலிக்கும் இரண்டு ஆள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். நாலு மணி நேரம் மெஷினில் கிடக்க வேண்டியவர்களுக்குச் சிரிப்பு வருமா? முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த ஒரு பெரியவர், மூச்சு வாங்கிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாராம். யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம்.

டாக்டர் மருமகளுடைய ஆபீஸ் முதலாளியைத் திட்டினார். முதலாளி மருமகளைக் கூப்பிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்த வேலையைச் சென்னைக்காரங்ககிட்ட குடுத்துருவேன்."

ஐந்து வருசமாக அவள் ஒற்றை ஆளாக ஆரம்பித்து வளர்த்த வேலை அது. பேரையூர்க்காரர், டீச்சர் மகள், பெருக்குகிற அக்கா என்று யார் பெயரையும் அவள் சொல்லவில்லை. பொறுப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். ஒரு கிலோவையும் உரித்துவிட்டாள். சமையலுக்கு வேண்டியது நாலுதான்.

"யாரு தப்புத்தா?" என்றேன்.

"துண்டு தப்பு அத்தை."

"துண்டு என்ன பண்ணும், பாவம்?"

"அதேதான். துண்டு ஒண்ணும் பண்ணாது. அதைப் போயி நம்புனோம் பாருங்க, அதுதான் தப்பு."

"சரி, ஒருத்தரு முடிச்சதை இன்னொருத்தரு பாக்க மாட்டாகளா? ஏற்கெனவே ஓடிருச்சுன்னு அந்தப் பெட்டிக்குத் தெரியாதா?"

"பாக்கும் அத்தை. ஆரம்பிக்கும்போது நாப்பத்தேழு முடிஞ்சுதான்னு பாக்கும். பேரையூரு அண்ணன் ஓட்டுனப்பவும் பாத்துச்சு, முடியலை. நீங்க சொல்ற டீச்சர் மக ஓட்டுனப்பவும் பாத்துச்சு, அப்பவும் முடியலை. அண்ணனோடது பாதியில ஓடிக்கிட்டு இருக்கு. முடிஞ்சாத்தானே முடிஞ்சுதுன்னு எழுதும்? நம்ம வீட்டுப் பால்காய்ச்சுக்கு என்ன ஆச்சு?"

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்றைக்கு அண்டா நிறைய சாம்பார் கொதிக்கிறது. நான் போய் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பே இல்லை. உப்பு எடுக்க அடுக்களைக்குள் போனேன். அதே நேரம் என் சம்பந்தி, அதாவது இவளைப் பெற்றவள், வந்து அதே அண்டாவில் ருசி பார்த்திருக்கிறாள். உப்பே இல்லை. அவளும் உப்புத் தேடிப் போனாள். நான் வந்து இரண்டு கை போட்டேன். அவள் வந்து இரண்டு கை போட்டாள். இருவரும் பார்த்தது சரி, இருவரும் செய்தது சரி. சாம்பார் மட்டும் கடல்தண்ணீர். அன்றைக்கு எங்கள் இருவருக்குள் வந்த சண்டை ஆறு மாதம் ஓடியது. அதை இங்கே சொல்ல மாட்டேன். சம்பந்தியும் இதைப் படிப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியும்.

"அப்ப என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

"கரண்டி ஒண்ணுதான் இருக்கணும் அத்தை. அந்தக் கரண்டியும் அண்டாவுலயே கட்டிக் கிடக்கணும். எவ கையில கரண்டி இருக்கோ அவதான் உப்புப் போடலாம். மத்தவ நிக்கணும். சட்டம் சொல்லி நிறுத்தக் கூடாது. அவளால முடியவே கூடாது."

அப்படிச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில், வேலைக்குப் போகக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது ஒரு முகம் காட்டினாள். அதே முகம். அன்றைக்கு ஜெயித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது நாற்பத்தெட்டாவது மாற்றம். மையத்தில் சாயங்காலமும் ஒரு வேளை சேர்க்கிறார்கள். அதற்காக எல்லாருடைய நேரத்தையும் பிரித்து எழுதுகிற மாற்றம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மையம் மூடியிருக்கும்போது செய்ய வேண்டும். அதில் இன்னொரு சிக்கல். மையத்துக்காக எங்கேயோ நாலு பெரிய கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. சர்வர் என்பார்கள். புதிதாக எதையாவது ஏற்றினால் நாலும் ஒன்றாகக் கண் விழிக்கும். இதுவரைக்கும் ஆள்தான் ஓட்டினார்; இனிமேல் கண் விழித்ததும் நாலும் தானாகவே மாற்றத்தை ஓட்டப் பார்க்கும். மனுசருக்காவது துண்டு போடலாம். சர்வர் எந்த நாற்காலியைப் பார்க்கும்?

முதலாளிக்கு ஒரு சுலபமான வழி தெரிந்தது. மூன்று சர்வரை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓட விடு, பிறகு மூன்றையும் போடு என்றார். மருமகள் ஸ்பீக்கரில் பேசியதால் நானும் கேட்டேன்.

"சார், அதை அணைக்கிறது யாரு? ஒரு ஆளு. ஒரு ஆளு மறப்பான். போன தடவையும் ஒருத்தர்தான் ஓட்டுறாருன்னுதானே நம்ம எல்லாரும் நெனைச்சோம்?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமாம்மா?"

"முடிச்சிருவேன் சார்."

"முடியலைன்னா?"

"முடிச்சிருவேன் சார்" என்று அதையே திரும்பச் சொன்னாள்.

சனிக்கிழமை அந்தப் பட்டறைத் தெருவில் மாதா மாதம் வருகிற கரண்ட் கட். எங்கள் தெருவுக்கு வேறு லைன். அதனால் மருமகள், பேரையூர்க்காரர், டீச்சர் மகள் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மகன் விமான நிலையத்தில் டூட்டிக்குப் போயிருந்தான். வீட்டில் நான் ஒருத்திதான். கத்திரிக்காய் புளிக்குழம்பும் அப்பளமும் என்று முடிவு செய்துவிட்டு நானும் கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். கூடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அடுக்களையில் நிற்க என்னால் ஆகாது.

மருமகள் கரண்டியைத் தயார் பண்ணியிருந்தாள். லாக், அதாவது பூட்டு என்று சொன்னார்கள். அது நிஜமாகவே நிறுத்துகிறதா என்று பார்க்க, நாலு சர்வருக்குப் பதில் நாலு லேப்டாப்பில் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நிஜ நோயாளிகள் இல்லை. சோதனைக்கு என்று பத்துப் பொய்ப் பெயர் போட்டு வைத்திருந்தாள். லேப்டாப் நாலு கிடைத்துவிட்டது. மகனுடைய பழையதையும் சேர்த்து. ஆள் மூன்றுதான்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்பத்தா, இந்தப் பெரிய பட்டன் தெரியுதா? அதை அமுக்கணும். அம்புட்டுதான்" என்றார் பேரையூர்க்காரர்.

"எப்ப அமுக்கணும்?"

"இவங்க ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுவாங்க. மூணுல அமுக்குங்க."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டி வைத்தேன். மருமகள் "ஒண்ணு, ரெண்டு" என்றாள். நான் அமுக்கிவிட்டேன்.

"அத்தை!"

"விரல் வழுக்கிருச்சுத்தா."

"வழுக்கலை. வாடிவாசல்ல காளை புடிக்க நிக்கிற மாதிரில்ல நின்னாக" என்று பேரையூர்க்காரர் சிரித்தார். எங்கள் ஊரில் பொங்கலுக்கு மாடு அவிழ்ப்பதைப் பார்த்தே பழகிய எனக்கு, மூன்று வரைக்கும் பொறுக்கிற புத்தி வரவில்லை. பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டு, டீச்சர் மகள் காலால் தரையில் ஒரு தட்டு தட்டுவது, தட்டியதும் அமுக்குவது என்று மாற்றினார்கள். அது எனக்குச் சரியாக வந்தது.

முதல் தடவை அமுக்கினோம். என்னுடையதுதான் முந்தியது. திரையில் பச்சை வரிகள் ஓட ஆரம்பித்தன. மற்ற மூன்றும் அப்படியே நின்றன. நான் கையைத் தட்டப் போனேன். மருமகள் கையைக் காட்டி நிறுத்தினாள். என்னுடையது முடிந்ததும் அடுத்தது ஓடியது. அது முடிந்ததும் அதற்கடுத்தது. பத்துப் பொய்ப் பெயரும் நாற்பதாகிவிட்டது.

"வரிசையில நின்னு நாலு பேரும் உப்புப் போட்டுட்டாங்க" என்றாள் மருமகள். கோபமே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். "கரண்டி கையில வாரதுக்கு முன்னாடியே ருசி பாத்திருக்கு எல்லாம். பாத்துட்டு வந்து வரிசையில நின்னுருக்கு. கரண்டி கைக்கு வந்ததும் பழைய ருசியை நெனைச்சுப் போட்டுருச்சு."

"அப்ப?"

"மொதல்ல கரண்டியைப் புடிக்கணும். புடிச்ச பெறகுதான் ருசி பாக்கணும்."

பத்து நிமிசம் தட்டினாள். மறுபடி கால் தட்டு; மறுபடி அமுக்கினோம். இந்தத் தடவை டீச்சர் மகளுடையது முந்தியது. மற்ற மூன்றும் நின்றன. அவளுடையது முடிந்ததும் மற்ற மூன்றிலும் ஒரே ஒரு வரி வந்து நின்றுவிட்டது. எழுத்து தெரியாவிட்டாலும் மூன்றும் ஒரே மாதிரி இருப்பது எனக்குத் தெரிந்தது.

"என்னத்தா எழுதியிருக்கு?"

"'ஏற்கெனவே முடிஞ்சது, எனக்கு வேலை இல்லை'ன்னு."

பேரையூர்க்காரர் எழுந்து சோம்பல் முறித்தார். "சோலி முடிஞ்சது. அப்பத்தா, குழம்பு வாசம் தூக்குது."

"உக்காருங்கண்ணே. அத்தை, அந்தச் சுவத்துல இருக்கிற பிளக்கு யாரோடது?"

"எனதுதான்" என்றார் அவர். அவருடைய லேப்டாப்பில் பேட்டரி செத்துப் பல மாதமாகிறது. பிளக்கைப் பிடுங்கினால் அந்த நிமிசமே அணைந்துவிடும்.

"அண்ணனோடது மொதல்ல போற மாதிரி நாங்க கொஞ்சம் பொறுத்து அமுக்குறோம். அது பாதி ஓடுறப்ப நான் உங்களைப் பாப்பேன் அத்தை. புடுங்கிருங்க."

"ஏம்மா, என் லேப்டாப்புதானா கெடைச்சுச்சு?" என்று அவர் பதறினார். "அதுல என் மகளோட மொட்டை போட்டோ எல்லாம் இருக்கு."

"போட்டோவுக்கு ஒண்ணும் ஆகாது. ஞாயித்துக்கிழமை ஒரு சர்வர் பாதியில செத்துப்போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியணும்."

வீட்டில் ஒரு பிளக்கைத் தொட்டால் "அத்தை, ஷாக் அடிக்கும்" என்று கத்துகிறவள், அன்றைக்கு என்னைப் பிடுங்கச் சொன்னாள். என் பட்டனை அமுக்கிவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். அவள் பார்த்தாள். பிடுங்கினேன். பேரையூர்க்காரரின் திரை கறுத்தது; அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

மற்ற மூன்றும் காத்துக்கொண்டு நின்றன. காத்தன, காத்தன. நான் போய்க் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, அப்பளம் பொரித்துவிட்டு வந்தேன். அப்போதும் காத்துக்கொண்டுதான் நின்றன.

"ஏன் நிக்குது?"

"அண்ணனோடது உள்ள போறப்ப 'நான் வேலை செய்யுறேன்'னு ஒரு வரி எழுதி வைக்கும். முடிச்சுட்டு அழிக்கும். அழிக்கிறதுக்கு முன்னாடி செத்துருச்சு. வரி அப்படியே கெடக்கு." அவள் நெற்றியைத் தேய்த்தாள். "இதுவும் துண்டுதான் அத்தை. கம்ப்யூட்டருக்குள்ள போட்ட துண்டு. போட்டவன் போயிட்டா எடுக்க ஆளில்லை."

டீச்சர் மகள் மெதுவாகச் சொன்னாள்: "நான் வேணா அரை மணி நேரத்துக்கு மேல கெடந்தா தானா அழியுற மாதிரி வைக்கட்டுமா?"

"நெசமாவே நாப்பது நிமிசம் ஓடுற மாத்தம்னா என்னக்கா பண்ணுவ? உயிரோட இருக்கிறவன் துண்டைத் தூக்கிப் போட்டுட்டு இன்னொருத்தன் உக்காந்துருவான். திரும்ப அதே கதை."

"மொதல்ல சாப்பிடுங்க. மூளைக்கும் சோறு வேணும்" என்றேன்.

"நீங்க மூணு பேரும் சாப்பிடுங்க அத்தை. நான் இதை முடிச்சுட்டு வாரேன்."

நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். அவள் தட்டில் ஈ உட்காராமல் மூடி வைத்தேன். பேரையூர்க்காரர் மூன்றாவது தடவை சோறு வாங்கினார்; நெஞ்சில் கை வைத்த ஆளா இவர் என்று நினைத்துக்கொண்டேன். அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டேட்டாபேஸ்காரனே உள்ளே ஒரு பூட்டு வைத்திருக்கிறானாம். அதை எழுதி வைக்க வேண்டியதில்லை. கேட்கிறவர் லைனில் இருக்கிற வரைக்கும்தான் அது அவர் கையில் இருக்கும். லைன் அறுந்தால் பூட்டும் தானாகக் கழன்று அடுத்தவருக்குப் போய்விடும். பாதி செய்த வேலையும் செய்யாதது மாதிரி பழையபடி ஆகிவிடும். அதைத் தேடிப் பிடித்துக் கட்டினாள்.

மறுபடி நான் அமுக்கிவிட்டுச் சுவரோரம் நின்றேன். பிடுங்கினேன். கறுத்தது. அரைக் கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகவில்லை. என் லேப்டாப்பில் பச்சை ஓட ஆரம்பித்தது. மற்ற இரண்டும் நின்றன. கடைசியில் பத்துப் பெயர் பத்தாகவே இருந்தது.

"இப்பயாச்சும் சாப்புடுவியாத்தா?"

"ஒரு தடவை சரியா வந்தா அது அதிர்ஷ்டம் அத்தை. இன்னும் இருபது தடவை."

இருபது தடவை. கால் தட்டு, அமுக்கு. கால் தட்டு, அமுக்கு. நடுவில் ஏழு தடவை பிளக்கைப் பிடுங்கினேன். பேரையூர்க்காரர் கடைசியில் பயம் தெளிந்து, "அப்பத்தா, இந்தத் தடவை கொஞ்சம் சுருக்காப் புடுங்குங்க" என்று யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார். டீச்சர் மகள் ஒவ்வொரு தடவையும் ஒரு தாளில் கோடு போட்டு வந்தாள். இருபதாவது கோடு போட்டதும் மருமகள் எழுந்து போய், ஆறிப்போன சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டாள். கத்திரிக்காய் நல்லா இருக்கு என்றுகூடச் சொல்லவில்லை. நான் மன்னித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு எங்கள் கூடத்தில் உட்கார்ந்தே மருமகள் நாலு சர்வரையும் ஒன்றாக எழுப்பினாள். முதலாளி லைனில் இருந்தார். கடைசி நேரத்திலும் "ஒண்ணை மட்டும் விட்டுப் பாப்பமா?" என்றார். "வேணாம் சார். நாலும் வரட்டும். இன்னைக்கு மூணை ஒளிச்சு வச்சா நாளைக்கு நாலும் சேர்ந்து வந்து நிக்கும்" என்றாள். நாற்காலிக்குக் கீழே அவள் கால் கட்டைவிரல் தரையைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

ஒன்று ஓடியது. மூன்று நின்றன. பிறகு மூன்றும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டன. இருபது தடவை பார்த்த காட்சிதான். மருமகள் ஒவ்வொரு மையமாக எடுத்துப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்றாள். முதலாளி மட்டும் இறங்கி வரவில்லை. "நாளைக்குக் காலைல ஆளுங்க வந்து உக்காரட்டும். பெறகு பேசுவோம்" என்று வைத்துவிட்டார். போன தடவையும் கம்ப்யூட்டரில் எல்லாம் முடிந்தது என்றுதான் காட்டியது. அவரையும் சொல்லிக் குற்றமில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் மருமகள் ஆபீசுக்குப் போய்விட்டாள். டாக்டர் எந்த நேரமும் கூப்பிடுவார், அவள் அங்கே இருக்க வேண்டும். நான் ஷேர் ஆட்டோவில் ஏறிப் பக்கத்து மையத்துக்குப் போனேன். போகாதீர்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். சொல்லட்டும். நாலில் ஒரு பெட்டியை அமுக்கியவள் நான். எனக்கும் பார்க்க வேண்டும்.

சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. என் கண்ணுக்கு அது எறும்பு வரிசை. அதை விட்டுவிட்டுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். நாற்காலி, ஆள். நாற்காலி, ஆள். அந்த மூலை வரைக்கும் அப்படியே. என் மனசு குளிர்ந்தது. அப்போதுதான் ஜன்னலோரத்து நாற்காலிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். நாற்காலியில் ஒருத்தர். பக்கத்தில் நிற்கிறவர் இன்னொருத்தர். அவர் கையிலும் ஃபைல் இருந்தது.

என் முட்டி வலி எங்கே போனதோ, நர்சு தடுப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டேன்.

"ஏய்யா, உங்களுக்கு எந்த நாற்காலி?"

அவர் முழித்தார். "எனக்கா? எனக்கு எதுக்கும்மா?"

"உக்கார எடமில்லாமத்தானே நிக்கிறீக? ஒங்க பேரும் இவரு பேரும் ஒரே நாற்காலியில கெடக்கா?"

"இவரு என் அண்ணன். துணைக்கு வந்தேன். ஃபைலு அவரோடது." பிறகு, பாவம், பயந்துபோய்க் கேட்டார்: "ஏம்மா, துணைக்கு வந்தவங்களுக்கும் நாற்காலி உண்டா?"

நர்சு என்னை வெளியே கொண்டுவந்து விட்டாள். "யாரும்மா நீங்க? பேஷண்டா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப யாரு?" என்றாள். அதை விட்டுவிட்டு, "இன்னைக்கு இதுவரைக்கும் எதுவும் குழப்பம் உண்டா தாயி?" என்று நான் ஒரு கேள்வி கேட்டேன். "குழப்பம் நீங்க வந்ததுதாம்மா" என்றாள். அவள் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

வாசலில் நின்று மருமகளுக்கு ஃபோன் அடித்தேன். பச்சைப் பட்டனை அமுக்க எனக்குத் தெரியும். அவள் ஹலோகூடச் சொல்லவில்லை.

"யாராச்சும் நிக்கிறாங்களா அத்தை?"

நான் அங்கேதான் போயிருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஒருத்தரு நின்னாரு."

அந்தப் பக்கம் அவள் நாற்காலியைத் தள்ளி எழுகிற சத்தம் கேட்டது.

"விசாரிச்சுட்டேன். துணைக்கு வந்தவராம். மத்தபடி நாற்காலிக்கு ஒரு ஆளு, ஆளுக்கு ஒரு நாற்காலி. நர்சுகிட்டயும் கேட்டுட்டேன்."

அவள் அங்கே இருக்கிறவர்களிடம் "ஆளுக்கு ஒரு நாற்காலிதானாம்" என்று கத்தினது கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: "இப்பத்தான் சார் வந்துட்டுப் போனாரு. டாக்டர் பேசிட்டாராம். அடுத்த ரெண்டு மையம் புதுசா தொறக்குறாங்களாம், அதையும் நம்மளே பாக்கணுமாம்."

"சென்னைக்காரக?"

"அந்தப் பேச்சே எடுக்கலை அத்தை."

நான் ரோட்டில் நின்றுகொண்டு சிரித்தேன். போகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "கொஞ்ச நேரம் அக்கடான்னு உக்காருத்தா. டீ குடி" என்றேன்.

"குடிக்கிறேன். நீங்க சாயங்காலம் வீட்டுல இருப்பீங்கள்ல? நாப்பத்தொம்பதை இன்னைக்கே எழுதிரலாம்னு இருக்கோம். மூணு பேரும் வாரோம், அமுக்குறதுக்கு ஆளு வேணும்."

"குழம்பு என்ன வைக்கட்டும்?" என்று கேட்டேன். அதற்குள் அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.